பாறைப் புத்தகத்தில் நின்றவரைப் பார்க்கப் போனது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கோவையாக எழுத வராது. அஞ்சாவதோடு படிப்பு நின்றுபோனது. முன்னால் நடந்ததைப் பின்னால் சொல்லுவேன், பாதியில் மறந்துபோவேன். நாலு பேர் கூடின இடத்தில் வாய் திறக்காதவள் நான். காகிதத்தில் எழுதவும் கூச்சமாகத்தான் இருக்கிறது. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பத்து மூணாம் வருஷம் ஆடி மாதம் நானும் என் மருமகள் பச்சையம்மாவும் திருவண்ணாமலைக்குப் போய் வந்தோம். கோயிலுக்கு இல்லை. ஒரு புத்தகத்தைப் பார்க்கப் போனோம்.

ஏன் போனோம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊர் மரக்காணத்துக்குத் தெற்கே, உப்பளத்தை ஒட்டி இருக்கிறது. என் மகன் ஏழுமலை உப்பு வாரிக்கொண்டிருந்தான். ஒரு கோடையில் ஜீப்பில் அரசாங்க ஆட்கள் வந்து கடற்கரையில் கூடாரம் போட்டார்கள். கரையோரத்து மண், உப்புத்தண்ணீர், உள்நாட்டில் இருக்கும் பாறை, இரும்புக்கல், கிணற்று ஊற்று எல்லாவற்றையும் ஊர் ஊராகப் பார்த்து ஒரே புத்தகமாகப் போடப்போகிறார்கள் என்று பேச்சு. மூட்டை தூக்கவும் கூடாரம் கட்டவும் ஏழுமலையைச் சேர்த்துக்கொண்டார்கள். அவர்களோடே திருவண்ணாமலைப் பக்கம் போய் மூன்று மாதம் இருந்தான். அடுத்த வருஷம் அந்தக் கூட்டம் திரும்ப எங்கள் கடற்கரைக்கே வந்தது. முகத்துவாரத்தில் ஆழம் பார்க்கக் கோலைப் பிடித்துக்கொண்டு ஏழுமலை இறங்கினான். தண்ணீர் இழுத்துக்கொண்டு போய்விட்டது. உடம்பு கிடைக்கவில்லை. அவன் பெண் செல்வி அப்போது தொட்டிலில் கிடந்தாள்.

எங்கள் பக்கத்தில் ஏழை ஜனங்களை அப்போதெல்லாம் ஒரு தடவைதான் போட்டோ எடுப்பார்கள். அது செத்த பிறகு. நாற்காலியில் உட்கார வைத்து, மாலை போட்டு, விழாமல் இருக்கப் பின்னால் ஒருவர் பிடித்துக்கொள்வார். என் வீட்டுக்காரர் அப்படித்தான் கண்ணை மூடிக்கொண்டு எங்கள் சுவரில் இருக்கிறார். ஏழுமலைக்கு அந்த ஒரு தடவையும் இல்லாமல் போனது. உடம்பு இல்லையே.

செல்விக்கு ஆவணியில் கல்யாணம் நிச்சயமானது. கல்யாணத்துக்கு முன்னால் வீட்டில் இறந்தவர்களுக்குப் புதுத்துணி வைத்து, படத்துக்குப் பொட்டு வைத்துப் படைப்போம். அப்பா எப்படி இருப்பாரு என்று அந்தப் பெண் சின்ன வயசிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நான் உருண்டை முகம் என்பேன். பச்சையம்மா நீள முகம் என்பாள். இதில் எங்களுக்குள் பேச்சு நின்றுபோன நாள்கூட உண்டு. இரண்டு பேருக்கும் அவன் முகம் நழுவிக்கொண்டிருந்தது, அதுதான் உண்மை.

அந்த நேரத்தில்தான் அரசாங்க ஆட்களுக்கு அப்போது ஜீப் ஓட்டின டிரைவர் உப்பு லாரியோடு எங்கள் ஊருக்கு வந்தார். அந்தப் புத்தகம் அச்சாகி வருஷக்கணக்காகிறது என்றும், அதில் பாறைக்குப் பக்கத்தில் நம் ஆள் ஒருத்தன் நிற்கிற படம் இருப்பதாகப் பெரிய ஆபீசர் சொன்னார் என்றும், அந்த ஆபீசர் ரிட்டயராகி ரமணாசிரமத்துப் பக்கம் வீடு எடுத்திருக்கிறார் என்றும் சொன்னார். பச்சையம்மா அன்றைக்கே புடவையைத் துவைத்துப் போட்டாள்.

விடிந்ததும் கிளம்பி மரக்காணம் வந்து, திண்டிவனத்தில் பஸ் மாறினோம். அங்கிருந்து திருவண்ணாமலைக்குத் தலைக்கு ஆறு ரூபாய் சில்லறை. கண்டக்டர் கோயிலுக்கா என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். புக்கு பார்க்கப் போறோம் என்று பச்சையம்மா சொன்னாள்.

"இந்த வயசுலயா ஆத்தா பள்ளிக்கூடம்?" என்று அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"அவங்க அஞ்சாவது பாஸு. டிக்கெட்டுக்கு நீ சில்லறை கம்மியா குடுத்தா கண்டுபுடிச்சிடுவாங்க, பாத்துக்கோ" என்றாள் பச்சையம்மா. பக்கத்து சீட்டுக்காரர்களும் சிரித்தார்கள். அன்றைக்கு நான் சிரித்தது அந்த ஒரு இடத்தில்தான்.

செஞ்சி பதினேழு பதினெட்டு மைல், அதற்குப் பிறகு திருவண்ணாமலை இருபத்தைந்து மைல் என்றார்கள். செஞ்சியை நெருங்கும்போது பாறைகளைப் பார்த்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் ஊரில் கல் கிடையாது. அம்மிக்கல்கூட வெளியூரிலிருந்து வண்டியில் வர வேண்டும். கையை ஊன்றினால் மண்தான், அதற்குக் கீழே தண்ணீர். இங்கேயோ யாரோ கொட்டிவிட்டுப் போன மாதிரி வானம் வரைக்கும் உருண்டை உருண்டையாகக் கல். இடுக்கில் ஒரு வேலிக்காத்தான் செடி. ஏரிகள் எல்லாம் வெடித்துக் கிடந்தன. மழை இல்லாத வருஷம். வழி நெடுக மாடுகளின் விலா எலும்பு தெரிந்தது.

கீழ்ப்பென்னாத்தூர் தாண்டினதும் அண்ணாமலை தெரிந்தது. பஸ்ஸில் எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும் போட்டுக்கொண்டேன்.

பகல் பதினொரு மணி வாக்கில் பஸ் ஸ்டாண்டில் இறங்கினோம். செங்கம் ரோட்டில் ஆசிரமம் வரைக்கும் ஜட்கா வண்டிக்காரர் இரண்டு ரூபாய் கேட்டார். ரோட்டில் வேட்டி கட்டின வெள்ளைக்காரர்கள் வெறுங்காலோடு நடந்துபோனார்கள். பச்சையம்மா அவர்களின் பாதத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். இவங்களுக்குச் சுடாதா என்று வண்டிக்காரரைக் கேட்டாள். சுடும், ஆனா சொல்ல மாட்டாங்க என்றார் அவர்.

ஆபீசர் வீடு ஆசிரமத்தைத் தாண்டி ஒரு சந்தில் இருந்தது. எழுபது வயசு இருக்கும், ஒரு கால் வீங்கியிருந்தது. ஜன்னல் கட்டையில் வரிசையாகக் கற்கள் வைத்திருந்தார். நாங்கள் யார் என்று பச்சையம்மா சொன்னதும் அவர் எழுந்து நின்றுவிட்டார். அவரே காப்பி போட்டு வந்து கொடுத்தார். அவன் பெயரை மறந்துபோய்விட்டார், அது அவர் முகத்தில் தெரிந்தது. ஏழுமலை என்று நான்தான் மெதுவாகச் சொன்னேன்.

புத்தகம் நீல அட்டை, செங்கல் கனம். அதை மேஜையில் வைத்துத் திறந்தார். முதலில் எங்கள் கடற்கரை இருக்கும் பக்கம் வந்தது. கோடு கோடாகப் படம். கரை இவ்வளவு, மணல்மேடு இவ்வளவு, முகத்துவாரம் வருஷத்துக்கு வருஷம் இடம் மாறுகிறது என்று எழுதியிருப்பதாகச் சொன்னார். எங்கள் ஊர்ப் பெயரை விரலால் காட்டினார். இங்கிலீஷ் எழுத்து. நான் தொட்டுப் பார்த்தேன்.

பச்சையம்மா குனிந்தபடியே கேட்டாள். "அந்த மொகத்துவாரத்துல ஆழம் எவ்ளோனு போட்டிருக்குதுங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் படித்தார். "ஓராள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலன்னு வருதும்மா."

"அதுக்காச்சும் கணக்கு இருக்குதே" என்றாள் அவள். அவர் பக்கத்தைத் திருப்பிவிட்டார்.

நிறையப் பக்கம் தள்ளி அந்தப் படம் இருந்தது. வழவழப்பான தாளில், உள்ளங்கை அகலம். பெரிய பாறை ஒன்று. அதில் மாவைப் பிசைந்து மடித்த மாதிரி கறுப்பும் வெள்ளையுமாக வரிகள். அதற்குப் பக்கத்தில் காக்கி அரைக்கால் சட்டை போட்டு ஒரு ஆள், ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பாறையைப் பார்த்து நிற்கிறான். எங்களுக்கு முதுகு.

அடுத்த பக்கத்தில் திரும்பியிருப்பான் என்று நான் காத்திருந்தேன். அடுத்த பக்கத்தில் வேறு பாறை.

"மொகம் தெரியறாப்பல ஒண்ணும் எடுக்கலைங்களா?" என்று பச்சையம்மா கேட்டாள்.

"எடுக்க மாட்டோம்மா. மொகம் தெரிஞ்சா படிக்கிறவங்க கண்ணு அங்கதான் போகும், பாறையைப் பார்க்க மாட்டாங்க. அதனால திரும்பி நிக்கச் சொல்லுவோம். பாறை எவ்வளவு பெரிசுன்னு காட்டத்தான் ஆள்." சொல்லி முடித்தபிறகு அவருக்கே அது கஷ்டமாக இருந்தது. படத்துக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று நான் கேட்டேன். வாய் விட்டுக் கேட்டது எனக்கே ஆச்சரியம். இன்ன வகைப் பாறை, மடிப்பு இந்தத் திசையில் போகிறது, அளவுக்காக ஒரு ஆள் நிற்கிறார் என்று இருக்கிறதாம்.

தோள்பட்டையைப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் தோள்பட்டை. இவன் என் பிள்ளைதான் என்று சொன்னேன். அப்போதுதான் அவர் இன்னொன்று சொன்னார். அந்தக் கேம்ப்பில் காக்கி அரைக்கால் சட்டை ஆட்கள் இரண்டு பேர், ஏழுமலை ஒருத்தன், கோவிந்தன் ஒருத்தன். ஒரே வயசு, ஒரே உயரம். இது யார் என்று சத்தியமாகச் சொல்ல முடியவில்லை என்றார்.

ஏழுமலைக்குச் சின்ன வயசில் காது குத்தினபோது இடது மடல் கிழிந்து தழும்பு விழுந்தது. அதைச் சொன்னேன். கல்லைப் பார்க்கிற சின்னப் பூதக்கண்ணாடி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். காது இல்லை. காது இருந்த இடத்தில் கடுகு சிதறின மாதிரி கறுப்புப் புள்ளிகள். கிட்டத்தில் போகப் போக ஆளே இல்லை, எல்லாம் புள்ளி. கண்ணாடியை எடுத்தால் மறுபடி நிற்கிறான். அச்சு அப்படித்தாம்மா என்றார் அவர். படச்சுருள் இருந்தால் தெரியும், அது எங்கே போனதோ தெரியாது என்றார்.

பச்சையம்மா ஒரே தடவை கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்துவிட்டாள். அது அவன்தான் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

படத்தைப் பெரிசு பண்ணி மாட்ட வேண்டும் என்று கேட்டோம். ஆபீசர் புத்தகத்தை ஒரு துண்டில் சுற்றிக் கொடுத்தார். தேரடித் தெருவில் ஸ்டுடியோ இருக்கிறது, புத்தகத்திலிருந்தே எடுத்துக் கொடுப்பார்கள், சாயங்காலம் கொண்டுவந்து கொடுத்தால் போதும் என்றார். அந்தப் பாறை எங்கே என்று நான் கேட்டேன். மலை சுற்றும் பாதையில் அடி அண்ணாமலை தாண்டி மேற்கே பிரியும் ரோட்டில் ஒரு மைல், யானைப் பாறை என்றால் தெரியும் என்றார்.

அதே ஜட்காவில் போனோம். பிரிந்து போகிற ரோடு புதிசாக ஜல்லி போட்டது. வண்டி குலுங்கின குலுக்கலில் புத்தகத்தை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் பச்சையம்மா சொன்னாள்.

"அத்த, அவரு இடுப்புல கை வெச்சு நிக்க மாட்டாரு. கையக் கட்டிக்கினுதான் நிப்பாரு."

பெற்றவளுக்குத் தெரியாததா இவளுக்குத் தெரிந்துவிட்டது என்று கோபம் வந்தது. அவனோடு அவள் குடித்தனம் நடத்தினது இரண்டு வருஷம், அதிலும் மூன்று மாதம் அவன் கேம்ப்பில்.

ஒரு மைல் போனதும் பாறை எதுவும் இல்லை. பெரிய பள்ளம், அதன் அடியில் பச்சையாகக் கொஞ்சம் தண்ணீர். விளிம்பில் ஓலைத் தட்டியை நிழலுக்குச் சாய்த்துக்கொண்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கல் உடைத்துக்கொண்டிருந்தார்கள். விரலில் எல்லாம் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றியிருந்தார்கள். ஒருத்தியிடம் யானைப் பாறை எது என்று பச்சையம்மா கேட்டாள்.

"அது போயி ரெண்டு வருஷம் ஆவுதேம்மா. வெடி வெச்சி எடுத்துட்டாங்க. நீங்க வந்தீங்களே, அந்த ரோடுதான் அது." சுத்தியலை நிறுத்தாமலே சொன்னாள். பிறகு நிமிர்ந்து, "அதுக்கு வேண்டுதலா?" என்று கேட்டாள்.

இல்லை என்று தலையாட்டினேன். துண்டைப் பிரித்து அவளுக்குப் படத்தைக் காட்டினாள் பச்சையம்மா. அந்தப் பெண் படத்தில் இருந்த ஆளைப் பார்க்கவில்லை. பாறையையே பார்த்தாள். இதுதான், இந்த வரி எனக்குத் தெரியும், இதை உடைக்கிறது ரொம்பக் கஷ்டம் என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். ஆபீசர் சொன்னது சரிதான், முகம் இல்லாவிட்டால் பாறையைத்தான் பார்க்கிறார்கள்.

திரும்பும்போது வண்டிச் சக்கரம் ஜல்லியில் நறநறவென்று போன சத்தத்தில் எனக்குப் பல் கூசியது. இறங்கி நடந்துவிடலாமா என்று தோன்றியது. ஆனால் நடந்தாலும் அதன்மேல்தான் நடக்க வேண்டும்.

சாயங்காலம் நாலு மணிக்கு ஸ்டுடியோ. மாடியில் ஒரு அறை, சுவரில் தாஜ்மகால் திரை. ஸ்டுடியோக்காரர் நடுவயசு, காதில் பென்சில். புத்தகத்தை நிறுத்தி இரண்டு பக்கமும் விளக்கு வைத்துப் பார்த்தார். பெரிசு பண்ணலாம், ஆனால் முதுகுதானே வரும், இதை மாட்டி என்ன செய்வீர்கள் என்று கேட்டார். இவனுக்குத் தம்பி உண்டா என்றும் கேட்டார். உண்டு, என் இரண்டாவது பிள்ளை என்றேன்.

"தம்பி போட்டோ ஒண்ணு அனுப்புங்க. இந்த ஒடம்ப முன்னால திருப்பி வரைஞ்சு, அந்த மொகத்தக் கொஞ்சம் எளசாக்கிப் போட்டுடறேன். நான் இப்படி எவ்வளவோ பண்ணியிருக்கேன். யாரும் கண்டுபுடிக்க மாட்டாங்க."

எனக்கு ஆசை வந்துவிட்டது. அதை மறைக்க மாட்டேன். கண் திறந்த முகம் ஒன்று எங்கள் சுவரில் இருக்கும் என்று நினைத்தேன்.

"ஒடம்பு ஒருத்தருது, மொகம் ஒருத்தருது. அப்ப நான் யாரு பொண்டாட்டிங்க?" என்றாள் பச்சையம்மா. ஸ்டுடியோக்காரர் காதில் இருந்த பென்சிலை எடுத்து மேஜையில் வைத்தார். "இருக்கறத இருக்கறபடி போடுங்க" என்றாள்.

அது அவன் இல்லை என்று சொன்னவள் நீதானே என்று அவள் காதோடு கேட்டேன்.

"சொன்னேன். இப்பவும் சொல்றேன். அவரா இல்லியானு நாம ரெண்டு பேரும் சாவற வரைக்கும் சண்டை போட்டுக்கலாம் அத்த. ஆனா ஜோடிச்ச மொகத்துக்கு என் பொண்ணு விழுந்து கும்பிடக் கூடாது."

அவள் சொன்னபடியே போடச் சொல்லிவிட்டு வந்தோம். கண்ணாடிச் சட்டம் போட்டு உப்பு லாரியில் கொடுத்து அனுப்புவதாக ஸ்டுடியோக்காரர் சொன்னார்.

இருட்டுவதற்கு முன்னால் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். பாறை போய்விட்டது என்று சொன்னேன். ஆபீசருக்கு அது தெரியாது. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் ஒரு சாவுச் செய்தி சொன்ன மாதிரி ஆகிவிட்டது. பிறகு பேனாவை எடுத்தார். அந்தப் பக்கத்தைத் திறந்து, "கீழ பேர் எழுதிடறேம்மா. ஏழுமலைன்னு எழுதட்டுமா?" என்றார்.

பச்சையம்மா என்னைப் பார்த்தாள். தடுக்கவில்லை. எழுதுங்கள் என்று நான் சொல்லியிருந்தால் எழுதியிருப்பார். கோவிந்தனுக்கு அம்மா உண்டா என்று கேட்டேன். இருந்திருப்பாள், அவன் மாதாமாதம் வீட்டுக்குப் பணம் அனுப்பினான், கேம்ப் கலைந்த பிறகு எங்கே போனான் என்று தெரியாது என்றார். எழுத வேண்டாம் என்றேன். அவர் பேனாவை மூடினார்.

கடைசி பஸ்ஸில் திண்டிவனம் வந்து ஸ்டாண்டிலேயே படுத்திருந்து, விடிந்ததும் ஊர் சேர்ந்தோம். காலடியில் மண் பொதபொதவென்று இருந்தது. கெட்டியாக நிற்கிற ஊரைப் பார்த்துவிட்டு வந்தால் நம் ஊர் நழுவுகிற மாதிரிதான் இருக்கிறது. ஆனால் அங்கேயும் எதுவும் நிற்கவில்லை. இங்கே கடல் எடுக்கிறது, அங்கே ரோட்டுக்கு எடுக்கிறார்கள்.

படம் வந்து சேர்ந்தது. பெரிசு பண்ணினதில் ஆள் இன்னும் மங்கலாகத்தான் ஆனான். படைக்கிற அன்றைக்குச் செல்வி குங்குமக் கிண்ணத்தோடு தாத்தா படத்துக்கு நெற்றியில் பொட்டு வைத்தாள். பக்கத்துப் படத்துக்கு முன்னால் வந்து விரலை நீட்டியபடி நின்றாள். எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. எங்களுக்கும் தெரியவில்லை. முதுகில் வைக்க முடியுமா? கடைசியில் அவன் பார்த்துக்கொண்டிருக்கிற இடத்தில், பாறையில் வைத்தாள். பச்சையம்மா கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதில் மைல் கணக்கு, ரோடு பிரியும் இடம், பாறையின் பெயர் எல்லாம் நான் ஞாபகத்தில் எழுதினது. தெரிந்தவர்கள் சரிபார்த்துத் திருத்துங்கள். அந்த நீலப் புத்தகம் யாரிடமாவது இருந்தால் படத்துக்குக் கீழே இங்கிலீஷில் இருப்பதை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள், ஒரு ஆள் என்று மட்டும்தான் இருக்கிறதா என்று. கோவிந்தன் எங்காவது இருந்தால், யானைப் பாறையில் கையை இடுப்பில் வைத்து நின்றது யார் என்று அவரையே கேட்டுச் சொல்லுங்கள். அவர்தான் என்றால் அதையும் தயங்காமல் எழுதுங்கள். அவரும் உயிரோடு இல்லை, அவர் வீட்டில் படமும் இல்லை என்றால், எங்களிடம் இருக்கிற படத்தைப் பார்த்து இன்னொன்று போட்டு அனுப்புகிறோம்.